கண் பரிசோதனை முகாமில் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். முகாம் முடிந்த அன்று மாலையே நன்றி மடல் எழுதச் சொன்னார்கள். நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். அன்றைக்கு எழுதியிருந்தால் வந்த கூட்டத்தையும் நீண்ட வரிசையையும் பற்றி நாலு வரி பெருமை பேசி முடித்திருப்பேன். மேல்பரிசோதனைக்கு நாம் எழுதிக் கொடுத்த சீட்டை எத்தனை பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தால்தான் ஒரு கண் முகாம் உருப்படியாக நடந்ததா இல்லையா என்று தெரியும். இப்போது அது ஓரளவு தெரிந்துவிட்டது. அதனால் முதல் நன்றி, முகாம் நடந்த மண்டபத்தில் காலே வைக்காத சிலருக்கு.

வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் பேசிய நண்பர்களைத்தான் சொல்கிறேன். சீட்டு வாங்கியவர்கள் போகாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். துணைக்கு ஆள் இல்லை, ஊசி என்றால் பயம், இன்னொரு கண் நன்றாகத்தானே தெரிகிறது என்பார்கள். கண்புரை இன்னும் முத்தட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சைக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போது முத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ரொம்ப முற்றவிட்டால் அறுவைச் சிகிச்சைதான் சிரமமாகும். இதைச் சலிக்காமல், அதட்டாமல், ஒருவருக்கே பலமுறை எடுத்துச் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். பார்வை அட்டையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை. ஆனால் கண் அழுத்தம் கூடுதலாக இருந்தது, பார்வை நரம்பும் மருத்துவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. கண் அழுத்த நோயின் தந்திரமே இதுதான். பெரும்பாலும் அது ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். போன பார்வை எந்த மருந்திலும் திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். நன்றாகத் தெரிகிற மனிதரிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது லேசான காரியமா? நம் தோழி ஒருவர் விடாமல் பேசி, கடைசியில் கூடவே போய்விட்டார். நோய் உறுதியானது, சொட்டு மருந்து தொடங்கியாயிற்று. அதோடு விட்டாரா? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, அவருடைய அக்கா தம்பிகளையும் பரிசோதனைக்கு வரவழைத்துவிட்டார். அந்தத் தோழிக்குத் தன் பெயர் வருவது பிடிக்காது, ஆகவே போடவில்லை.

அப்புறம், அட்டைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றவர்கள். தரையில் 6 மீட்டர் அளந்து கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரையும் நகரவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். எழுத்துப் படிக்க வராதவர்களுக்கு ஆங்கில ‘ஈ’ எழுத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்ட அட்டையை வைத்து, கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தீர்கள். அவர்கள் கூச்சப்படாதபடி அதைச் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பார்வை குறைந்தவர்களை, ஊசியால் குத்தியது போன்ற சின்னத் துளை வழியாக ஒருமுறை பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். அந்தத் துளை வழியே தெளிவு கூடினால் பெரும்பாலும் கண்ணாடி போதும், கூடவில்லை என்றால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையால் மருத்துவர்களின் வரிசை எவ்வளவு சீராகப் போனது என்று அவர்களே சொன்னார்கள்.

குழந்தைகள் பக்கம் நின்றவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியே பார்க்காத குழந்தை எங்கே இருக்கிறது? நீங்கள் விளையாட்டுப் போல அதைச் சமாளித்தீர்கள். ஒரு கண் மங்கலாக இருக்கும் குழந்தை அதை யாரிடமும் சொல்லாது, பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறது, இன்னொரு கண் வேலையைச் செய்துவிடுகிறது. இப்படிச் சரியாக வேலை செய்யாத ‘சோம்பேறிக் கண்ணை’ச் சின்ன வயதிலேயே, முடிந்தால் ஏழு வயதுக்குள், கண்டுபிடித்தால் சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு. பிந்தினால் கடினம். ஆகவே கண்ணைச் சரியாக மூடிவிட்டுப் பார்த்தீர்களே, அது சின்ன விஷயமே இல்லை.

வண்டி ஓட்டியவர்களை யாரும் மறந்துவிட வேண்டாம். விழித்திரையைப் பார்க்க, கண்ணின் நடுவில் இருக்கும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்தச் சோதனை அவசியம், ஆனால் எப்படி வீட்டுக்குப் போவது என்ற கவலையில் பலர் மருந்தே வேண்டாம் என்பார்கள். வீட்டு வாசல்வரை கொண்டுவிடுகிறோம் என்று நீங்கள் சொன்னதால்தான் அவர்கள் சம்மதித்தார்கள்.

பழைய கண்ணாடிகளைக் கழுவி, பவர் அளந்து, பிரித்து வைத்தவர்களுக்கும் நன்றி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: கீறல் விழுந்ததையும் காது ஒடிந்ததையும் பெட்டியில் போட்டுத் தருபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். வெள்ளெழுத்துக்குப் புதிய கண்ணாடிகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்த நண்பர்களின் உதவிதான் அன்று உடனே பயன்பட்டது.

மருத்துவர்களும், பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட்களும் தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்தார்கள். அரிமா சங்க (லயன்ஸ் கிளப்) நண்பர்கள் மேசை நாற்காலியிலிருந்து விளக்குவரை ஏற்பாடு செய்தார்கள். 1925-ல் அரிமா சங்கங்களின் சர்வதேச மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டார். நூறு வருடமாக அந்தக் கோரிக்கையைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றிக் கொண்டுவருகிறார்கள், நாற்காலி தூக்குவது உட்பட.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அதில் குறைந்தது 100 கோடிப் பேருக்கு அதைத் தடுத்திருக்கலாம் அல்லது இன்னும் சரிசெய்யப்படவில்லை என்றும் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் அறிவிப்புத் தாளில் அதைப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, ‘இதில் நாம் என்ன செய்துவிட முடியும்’ என்று கேட்காமல், ‘எத்தனை மணிக்கு வர வேண்டும்’ என்று கேட்டவர்கள் நீங்கள்.

பட்டியலில் இன்னும் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாலை நேரத்தில் பேச முடிந்தவர்கள் குழுவில் சொல்லுங்கள், பெயர்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். கண்ணை மூடும் கறுப்பு மூடிகளை யாராவது மறதியாக எடுத்துப் போயிருந்தால் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்த முகாமுக்கு வேண்டும்.

நன்றியுடன்,
முகாம் ஒருங்கிணைப்புக் குழுவுக்காக