கல்லுக்குப் பிடி போட்ட கதை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தாண்டிக்குடிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நட. இங்கே எல்லோரும் நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் ஒரு கத்தி. கல் கத்தி.

கல்லூரி நாட்களில் சாயர்புரம் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மணலில் விரல் நகம் அளவுக்கு, ஆதி மனிதர் செதுக்கிய கல் முனைகள் கிடந்தன. ‘இத்துணூண்டு கல்லை வைத்து என்னடா செய்திருப்பான்?’ என்று கேட்டாய். அந்தக் கற்களைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் எழுதிய கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். அவ்வளவு சின்னக் கல்லை விரலால் பிடித்து எதையும் அறுக்க முடியாது. மரத்திலோ எலும்பிலோ பதித்துத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்த மரமும், ஒட்டின பிசினும், சுற்றின நாரும் மக்கிப் போய்விட்டன. நாம் பார்த்தது பாதிக் கருவி. மீதிப் பாதியை என் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே உண்டு.

தேரியிலிருந்து ஒரு கல்லும் எடுக்கவில்லை, அவை அங்கேயே கிடக்கட்டும். குஜராத்திலிருந்து வந்த அகேட் என்ற கடினமான கல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தட்டிச் சில்லெடுத்தேன். நாலு விரல் நீளத்துக்கு ஓர் அலகு தேறியது. அந்த வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிடி போடத்தான் ஒரு மாதம்.

கருவேலங்கட்டையில் பிடி செதுக்கி, நுனியில் பிளவு வெட்டி, அலகைச் செருகினேன். கறிக்கடையில் ஆட்டுக்கால் நரம்பு வாங்கிக் காயவைத்து, கல்லால் நைத்து, நூல் நூலாகப் பிரித்தேன். எச்சிலில் நனைத்துச் சுற்றினால் அது தானாகவே ஒட்டிக்கொள்கிறது; காயக் காயச் சுருங்கி இறுக்குகிறது. அந்த இறுக்கத்தைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். மறுநாள் காலையில் பார்த்தால் நரம்பு அறுந்து தொங்குகிறது. அலகின் அடிப்பக்க விளிம்பு அவ்வளவு கூர்மை! உள்ளே போகும் பகுதியைத் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

அடுத்தது பிசின். தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்று ஒரு குகை. அங்கே கிடைத்த 70,000 ஆண்டுப் பழைய கல் கருவிகளில் தாவரப் பிசினும் காவியும் ஒட்டியிருந்தன. ஆய்வாளர் லின் வாட்லியும் அவருடைய குழுவினரும் வேல மரப் பிசினில் அதே மாதிரிக் கலவையைத் தாங்களே செய்து பார்த்து 2009-இல் எழுதினார்கள். வெறும் பிசின் காய்ந்தால் நொறுங்கும், ஈரம் பட்டால் இளகும். காவித்தூள் சேர்த்தால் உறுதியாக நிற்கும் என்பது அவர்கள் கண்டது. கருவேலம் பிசினும் காவியும் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிற சாமான்தானே முத்து! வாங்கி வந்து குழைத்து அப்பினேன். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்தேன், கொப்புளம் கிளம்பி வெடித்துவிட்டது. இரண்டாம் முறை கனலிலிருந்து தள்ளி வைத்து, திருப்பித் திருப்பிக் காட்டிக் காயவிட்டேன். பக்கத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பிசின் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அனல் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் மூன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதை அன்றைக்கே ஒருவர் செய்திருக்கிறார் என்று நினைத்தபோது மேல் சிலிர்த்தது.

நம் தெருத் தட்டார் தாத்தா அரக்கில் செங்கல் தூளைக் கலந்து, அதில் நகையைப் பதித்து வேலை செய்வாரே, அதுவும் இதே நுணுக்கம்தான். பிசினுக்குப் பிடிமானம் கொடுப்பது அந்தத் தூள். சின்ன வயதில் எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், ஒரு தடவை கூட ஏன் என்று கேட்கவில்லை.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் ஒரு மனிதனின் உடல் கிடைத்ததே, ஓட்ஸி. 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அவனுடைய கல் கத்தியின் மரப்பிடி, சுற்றிய நரம்பு, நாரால் பின்னிய உறை எல்லாமே மிஞ்சியிருக்கின்றன. பனி காப்பாற்றிக் கொடுத்தது. நம் தேரி மணல் கல்லை மட்டும்தான் வைத்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. நம்மூர்க்காரன் எந்த மரத்தில் பிடி போட்டான், எந்தப் பிசினால் ஒட்டினான் என்று தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கத்தி இப்போது முடிந்துவிட்டது. நேற்று ஒரு மாங்காய் நறுக்கினேன், தோல் இழையாக வந்தது. ஆனால் மழைக்காற்று வீசினால் பிசின் லேசாகக் கையில் ஒட்டுகிறது. அடுத்ததற்குத் தேன்மெழுகு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் மலையில் தேனெடுப்பவர்களிடம் ஓர் உருண்டை மெழுகு கேட்டு வாங்கி வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வந்தால் போதும். அதுவரை இரண்டாவது பிடியைச் செதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்