சேதுக் காசும் ஆந்தைக் காசும்

யாழ்ப்பாணம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பின்னாலேயே வட்ஸ்அப்பில் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால்தான் மாடிப்படி ஏற விடுகிறதில்லை, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. வீடு நிறைய வெளிநாட்டிலிருந்து வந்த சனம். எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் உன் ஆந்தை. பழைய ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக் காசு, வடிவானது. ஒரு பக்கத்தில் அதீனா தெய்வத்தின் அந்தப் பெரிய கண்ணையும், மறுபக்கத்தில், ஆந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒலிவ் இலையையும் சின்னப் பிறையையும் பேரன் கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். 17.1 கிராம் என்று எழுதியிருக்கிறாய். திராக்மா என்பது கிரேக்கரின் பழைய காசுக் கணக்கு, நாலு திராக்மாக் காசு 17.2 கிராம் அளவில் இருக்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறு வருசம் கழித்து இவ்வளவு நிறை மிஞ்சியிருப்பது பெரிய காரியம். ஆனால், ஆந்தையின் தலைக்கு மேலே உளி பட்ட வெட்டைப் பற்றி நீ கவலைப்பட்டு எழுதியதை வாசிக்கச் சிரிப்பு வந்தது. அந்த வெட்டு இருந்தபடியால்தான் உன் பென்சன் காசுக்கு அது எட்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், அந்தக் காசில் நின்று பார்க்க வேண்டிய இடமே அதுதான். எகிப்திலோ சிரியாப் பக்கத்திலோ ஒரு வியாபாரி இதைக் கையில் வாங்கியிருக்கிறான். ஏதென்சுக்காரனின் முத்திரை அவனுக்குப் போதவில்லை. உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி போர்த்திய கள்ளக் காசுகள் அந்தக் காலத்திலேயே உலாவின. உளியை வைத்து ஒரு போடு போட்டான், உள்ளேயும் வெள்ளி, சரி, சாமானைக் கொடுத்தான். காசை அடித்தவனின் பெருமை முகத்திலும் ஆந்தையிலும் இருக்கிறது என்றால், அதை வாங்கியவனின் சந்தேகம் அந்த வெட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே காசில் கிடைப்பது உன் அதிர்ஷ்டம்.

எங்கள் பக்கத்துப் பழைய வெள்ளிக் காசுகளிலும் இதே சந்தேகம் உண்டு. முத்திரை குத்திய காசுகளைச் சொல்கிறேன். வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மூலையைக் கத்தரித்து நிறையைச் சரிக்கட்டி, ஒரு பக்கத்தில் சூரியன், ஆறு கரச் சக்கரம், மலை, யானை என்று சின்னங்களைத் தனித்தனியாகக் குத்தியிருப்பார்கள். வழக்கமாக ஐந்து சின்னம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அரசன் பெயரும் இல்லை, முகமும் இல்லை. மறுபக்கத்தைத் திருப்பினால் பொடிப் பொடியாக வேறு குறிகள் தெரியும். கைமாறும்போது சோதித்துப் பார்த்தவர்கள் வைத்த அடையாளம் என்பது பலரின் கருத்து. அவன் வெட்டினான், இவர்கள் குத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் 1917 தொடக்கம் 1919 வரை போல் பீரிஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது இந்தக் காசுகளும், உரோமக் காசுகளும், இலட்சுமித் தகடுகளும் அகப்பட்டன. இலட்சுமித் தகட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். நீள்சதுரமாக இருக்கும். ஒரு பக்கம் தாமரையில் நிற்கும் இலட்சுமி, இரு புறமும் யானைகள் நீர் வார்க்கும். மறுபக்கம் கம்பத்தில் ஏற்றிய சுவத்திகம். அது காசுதானா, வேண்டுதலுக்கு வைத்த தகடா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. இவ்வளவு தொகையாக, இவ்வளவு தேய்ந்துபோய்க் கிடைப்பதைப் பார்த்தால் கை மாறிய பொருள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நிறை, நம்பிக்கை என்று எழுத வெளிக்கிட்டபோது பிளினி என்ற பழைய உரோம எழுத்தாளன் சொன்ன கதை ஞாபகம் வந்தது. உனக்கும் இது பிடிக்கும். குளோடியஸ் சக்கரவர்த்தி காலம், கி.பி. 41க்கும் 54க்கும் இடையில். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோகமஸ் என்பவனின் ஆள் ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்று அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் இலங்கைத் துறை ஒன்றில் ஒதுக்கிவிட்டது. அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவனிடம் இருந்த உரோம வெள்ளிக் காசுகளைப் பார்த்த அரசனுக்கு ஒரே ஆச்சரியம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம், அடித்தவர்களும் வேறு வேறு சக்கரவர்த்திகள், ஆனால் நிறை மட்டும் எல்லாம் ஒன்று. இப்படியான நேர்மையான ஆட்களோடு உறவு வைக்கலாம் என்று நினைத்து உரோமுக்குத் தூது அனுப்பினானாம். எழுதியவன் உரோமன், அதனால் புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இன்னொரு வேடிக்கை, குளோடியசுக்குப் பிறகு வந்த நீரோ கி.பி. 64 அளவில் அந்த வெள்ளிக் காசின் நிறையைக் குறைத்துவிட்டான். எங்கள் அரசன் அதைக் கேள்விப்பட்டானோ என்னவோ!

ஆனால் இந்தக் கதையை நம்பி இங்கே மண்ணில் தேடினால் ஏமாற்றம்தான். குளோடியசுக்கு முந்திய அகஸ்தஸ், திபேரியஸ் சக்கரவர்த்திகள் காலத்து வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் அதிகம் கிடைப்பவை நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள். நகத்தளவுதான் இருக்கும். சிலதில் குதிரையிலிருந்து விழுந்தவனை உரோம வீரன் ஈட்டியால் குத்துவது மங்கலாகத் தெரியும். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு இங்கேயே அதைப் பார்த்து அடித்துப் புழங்கியும் இருக்கிறார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும் இருக்கும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆந்தைக்குப் பதிலாக ஒரு சேதுக் காசு, அதுதான் "சேது" என்று எழுதிய யாழ்ப்பாண அரசர் காலத்துச் செம்புக் காசு, அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். "எங்கட மண்ணின்ர காசு ஒன்று என்ர கையில இருக்க வேணும்" என்று நீ எழுதியதை வாசித்தபோது மனம் இளகியது உண்மை. ஆனாலும் அனுப்ப மாட்டேன், கோபிக்காதே. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன். காரணம் உனக்குத் தெரிந்ததுதான்.

1995 இடப்பெயர்வில் ஐயா காசுகளை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். எந்தக் காசு எந்த வளவில் கிடைத்தது, யார் தந்தது என்று அவர் எழுதி வைத்திருந்த கொப்பி வீட்டோடு போய்விட்டது. காசுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கு அவற்றை மேசையில் பரப்பினால் எது கந்தரோடை, எது வல்லிபுரம், எது யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி வந்து பார்த்தாள். மரியாதையான பிள்ளை. "வடிவான காசுகள் சேர், ஆனால் இதை வைத்து நான் ஒன்றும் எழுத ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. காசு எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது போய்விட்டால் மிஞ்சுவது உலோகமும் படமும்தான்.

நீ கேட்கிற சேதுக் காசு அப்படியானது இல்லை. அதற்கு விலாசம் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் கிணறு இறைத்துச் சேறு எடுக்கும்போது மேலே வந்தது. உடனே வளவையும் கிணற்றையும் படம் எடுத்து, திகதியும் எழுதி வைத்தேன். தொல்லியல் ஆட்களுக்கும் அறிவித்தாயிற்று. அவர்கள் கேட்கும்போது நல்லூர் நாவலர் வீதி நூதனசாலைக்கே போகட்டும் என்பது என் எண்ணம்.

இப்போதைக்கு அது இந்த மேசையில் இருக்கிறது. உனக்காக வடிவாகப் பார்த்து எழுதுகிறேன். செம்பு, கரும்பச்சையாகக் கறுத்திருக்கிறது. ஒரு பக்கம் நந்தி படுத்திருக்கிறது. திமில் மட்டும் விரலில் தட்டுப்படும்படி புடைத்து நிற்கிறது, முகம் தேய்ந்துவிட்டது. மேலே பிறை. கீழே "சேது" என்று தமிழில் எழுத்து. "சே"யின் கொம்பு விளிம்புக்கு வெளியே போய்விட்டது, "து" முழுதாக இருக்கிறது. மறுபக்கம் நிற்கிற ஆள், குச்சிக் கையும் குச்சிக் காலுமாக. அடித்தபோது அச்சு இடப்பக்கம் விலகியிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் வெறும் செம்பு பிறை வடிவில் விடுபட்டுக் கிடக்கிறது.

அந்த நிற்கிற ஆள் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? முதலாம் இராஜராஜனின் காசிலிருந்து. அதில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவமும் நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பெயரும். சோழர் போன பிறகும் பொலன்னறுவை அரசர்கள் அதே அச்சைப் பிடித்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி என்று வரிசையாக. சனம் பழகிய காசின் தோற்றத்தை மாற்ற எந்த அரசனும் பயப்படுவான். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் உட்கார்ந்திருக்கும் உருவத்தை எடுத்துவிட்டு நந்தியை இருத்தினார்கள், தமிழில் எழுதினார்கள். இந்தக் காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று சொன்னவர்களும் உண்டு. 1924இல் கொட்றிங்டன் என்ற நாணய ஆய்வாளர் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதியபோது யாழ்ப்பாண அரசோடுதான் சேர்த்தார். வடக்கில் இவை இவ்வளவு கிடைப்பதைப் பார்த்தவனுக்கு வேறு நினைப்பு வராது. பேராசிரியர் புஷ்பரட்ணம் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார், தேடி வாசி.

பள்ளிக்கூடம் ஒன்றில் கேட்டார்கள் என்று போன கிழமை காசுகளோடு போயிருந்தேன். ஒரு பெடியன் இராஜராஜன் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சேர், அந்த நேரம் இதுக்கு எத்தினை ரொபி வாங்கலாம்?" என்றான். உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது விற்றால் எவ்வளவு வரும் என்றே கேட்டார்கள். பெரியவர்கள் கேட்பதும் அதைத்தான் என்பதால் பிள்ளைகளில் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளை மறுநாள் தன் அம்மம்மாவின் பெட்டியிலிருந்து காசு ஒன்று கொண்டுவந்தாள். கொண்டுவர முதல் வீட்டில் பழப்புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்து, விளக்கு மாதிரி மினுக்கி அனுப்பியிருக்கிறார்கள்! என்ன எழுத்து இருந்ததோ, எல்லாம் புளித்தண்ணியோடு போய்விட்டது. கண்ணீர் வராத குறை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

நீயும் கவனம். செம்புக் காசில் இறுகிப் பிடித்த பச்சை இருந்தால் அது காசுக்குக் காவல், கை வைக்காதே. வெளிறிய பச்சையில் மாப்போல உதிர்ந்தால்தான் வில்லங்கம். உப்பு உள்ளே இருந்து செம்பைத் தின்கிறது என்று அர்த்தம். வல்லிபுரம், மணற்காட்டுப் பக்கத்துக் காசுகளில் அதை அதிகம் காண்கிறேன், கடல் மண் அல்லவா. காய்ச்சி வடித்த தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு, நன்றாக உலர்த்தி, ஈரம் படாமல் வைக்க வேண்டும். அப்புறம், உன் அல்பத்தின் படத்தையும் பார்த்தேன். அந்த மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறை பிவிசியாக இருந்தால் நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும். ஆந்தையை முதலில் அதிலிருந்து வெளியே எடு.

பரிமாற்றத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். பழைய காலத்து நாணய ஆய்வாளர்கள் காசை அனுப்பாமல் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக, வெள்ளைப் பிளாஸ்டரில். நிறம் இல்லாதபடியால் தேய்ந்த கோடுகூடக் காசைவிட வார்ப்பில் நன்றாகத் தெரியும். யாரும் அதை உண்மைக் காசென்று விற்கவும் ஏலாது. சேதுக் காசுக்கு இரண்டு பக்கமும் எடுத்து, நிறை, விட்டம், கிணற்றின் இடம் எல்லாம் எழுதி வைக்கிறேன். கஸ்தூரியார் வீதியில் எங்களுக்குத் தெரிந்த பத்தரின் தராசில்தான் நிறுக்க வேண்டும், என்னுடையது சரியில்லை. நீ ஆந்தைக்கு அப்படியே செய். உளி வெட்டு நன்றாக விழும்படி எடு, அதுதான் எனக்கு வேண்டும். விற்றவன் அது எங்கே கிடைத்தது என்று ஏதாவது துண்டு தந்தானா என்றும் எழுது. தராவிட்டால் கேட்டுப் பார்.

மார்கழியில் உன் மகள் வருவதாகச் சொன்னாய் அல்லவா. அவளிடம் பிவிசி இல்லாத காசு உறைகள் ஒரு கட்டும், நூறில் ஒரு கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்றும் கொடுத்துவிடு. வார்ப்பை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். பனங்காய்ப் பணியாரம் வேண்டும் என்றால் இப்போதே சொல், மார்கழியில் பனம்பழம் கிடையாது. இவள் களியைக் காய வைத்துப் பினாட்டாகத் தருகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்