அந்த மைக்கை அணைங்க சார்

ஆசிரியருக்கு, வணக்கம்.

முப்பத்தோரு வருஷம் காவல்துறையில் இருந்தவன் நான், பெரும்பாலும் வடசென்னையில். 2021-இல் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றேன். மனநோயாளிகளை அடிக்காமல் பேசிச் சமாளிக்கப் போலீசாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். சரிதான். எதைப் பயிற்சி என்கிறோம் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

2009-இல் நான் ஏட்டு. ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது: ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி, மெண்டல் கேஸ் ஒண்ணு கத்தியோட தகராறு பண்ணுது. ஜீப்பை விட்டு இறங்கும் முன்பே எங்களுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. மேலே இருப்பது ஆள் இல்லை, கேஸ். போய்ப் பார்த்தால் இருபது வயசுப் பையன், கையில் மீன் வெட்டும் கத்தி. நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "கீழ போடுடா!" "வெளிய வாடா!" தோளில் மைக் கரகரவென்று இரைகிறது. கீழே நின்ற ஜீப்பின் விளக்கு சிவப்பும் நீலமுமாக அந்தச் சுவரில் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கிற அவன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துச் சொன்னார்: "அந்த மைக்கை அணைங்க சார். அவன் காதுக்குள்ள ஏற்கெனவே நாலு பேரு கத்தினு கீறாங்க."

நான் அணைக்கவில்லை. லத்தியால் மணிக்கட்டில் ஒன்று போட்டேன். கத்தி விழுந்தது, எலும்பும் போனது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக ரைட்டர் எழுதினார். அதில் நான் சாட்சி.

2014-இல், வேறு இடங்களுக்கு மாற்றலாகித் திரும்பி வந்திருந்தபோது, அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். இந்தத் தடவை மற்றவர்களைக் கீழேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் ஏறினேன். வீரம் எல்லாம் இல்லை, கூச்சம். மைக்கை அணைத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, அவன் நின்ற வாசலுக்கு ஏழெட்டுப் படி கீழே சுவரோரமாக உட்கார்ந்தேன். "பேரு சொல்லிக் கூப்பிடுங்க, சாப்டியான்னு கேளுங்க, அப்புறம் சும்மா இருங்க" என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். அந்தச் சும்மா இருப்பதுதான் உயிர் போகிற வேலை. கால் மணி நேரம் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் ஓடி முடிந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து, கத்தியைத் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கி வந்து ஆட்டோவில் ஏறினான். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி: "ஒரு மெண்டல் கேசுக்கு ரெண்டு மணி நேரமாய்யா?"

என் பேச்செல்லாம் இந்தக் கேள்வியைப் பற்றித்தான். லத்தி அரை நிமிஷ வேலை. அந்த இரண்டு மணி நேரத்தையும் ட்யூட்டி என்று எழுதிக்கொள்ளாத ஸ்டேஷனில் எத்தனை வகுப்பு எடுத்தும் பயனில்லை. எங்களுக்கும் ஒருமுறை வகுப்பு நடந்தது. ஏசி ஹால், பவர்பாயின்ட், டீ, கிரீம் பிஸ்கட், கடைசியில் குரூப் போட்டோ. பாதிப் பேர் நைட் ட்யூட்டி முடித்து வந்து தூங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் தூங்கினேன்.

சட்டத்தில் குறை இல்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது. போலீசாருக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று 30-ஆவது பிரிவிலும் இருக்கிறது. எங்களுக்கோ அது ரோல்காலில் வாசித்த பத்து சர்க்குலரில் ஒன்று. 1794-லிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரியை "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டத்தான் நாங்கள் பயன்படுத்தினோம்.

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1987-இல், கத்தியால் தன்னையே கிழித்துக்கொண்டிருந்த ஒரு மனநோயாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. உதவிக்குக் கூப்பிட்டதே அவர் அம்மாதான். மறு வருஷமே அங்கே ரோந்துப் போலீசாரில் விருப்பப்பட்டவர்களைப் பொறுக்கி 40 மணி நேரப் பயிற்சி ஆரம்பித்தார்கள். டாக்டர்களோடு, நோயாளிகளின் குடும்பத்தாரும் அதில் பாடம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

நம் ஊருக்கும் பெரிய செலவில்லை. பரேடுக்கு ஆள் சேர்க்கிற மாதிரி, மாதம் ஒருநாள் ஒரு படிக்கட்டும், கத்துவதற்கு ஒருவரும், அலறுகிற ஒரு மைக்கும் வைத்துப் பழக்குங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அதைப் பழக்கவே ஆறு மாதம் ஆகும், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ஒட்டுங்கள்.

பாடம் எடுக்க ஆள் வேண்டுமென்றால், போன வாரம் காசிமேட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பையன் மாத்திரை சாப்பிடுகிறானாம், ஐஸ் உடைக்கப் போகிறானாம். போலீசுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். வவ்வால் மீனைத் தராசில் போட்டுக்கொண்டே சொன்னார்: "யாவாரம் முடிஞ்சி பதினோரு மணிக்கு மேலன்னா வரேன்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.