மைனிங்கனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். அதில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ ஒரே ஒரு பத்தியில் தலைகாட்டுகிறார். அதுவும் மனைவி கோசிமாவை வாக்னரிடம் பறிகொடுத்தவராக மட்டும். பல காலம் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசித்தவன் நான். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபரா வியன்னாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஒத்திகைகள் பார்த்தபின் கைவிடப்பட்டது. அதை 1865 ஜூன் 10 அன்று மியூனிக்கில் அரங்கேற்றிக் காட்டியவர் பியூலோ. அதன் முதல் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை நடந்த ஏப்ரல் 10 அன்றுதான் கோசிமாவுக்கு வாக்னரின் குழந்தை பிறந்தது. அந்த நிலையிலும் நடத்துநர் கோலை பியூலோ கீழே வைக்கவில்லை. 1868-ல் வாக்னரின் இன்னொரு ஓபராவான 'மைஸ்டர்சிங்கர்' அரங்கேற்றமும் அவர் நடத்தியதுதான்.

சரி, இதுவாவது வாக்னர் கதையோடு ஒட்டியது. மைனிங்கன் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

மைனிங்கன் அன்று ஜெர்மனியில் ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகர். அதன் அரண்மனை ஆர்க்கெஸ்ட்ராவில் அப்போது ஐம்பது பேர்கூடக் கிடையாது. 1880-ல் பொறுப்பேற்ற பியூலோ, தந்திக் கருவிகளுக்குத் தனியாக, ஊதுகருவிகளுக்குத் தனியாக ஒத்திகை வைத்தார். அப்புறம்தான் எல்லோரையும் சேர்த்தார். இதன் அருமை எங்கள் வரிசைக்காரர்களுக்குத் தெரியும். முழுக் குழுவும் முழங்கும்போது என் பிசிறு எங்கேயோ கரைந்துவிடும். தனி ஒத்திகையில் ஒளிய இடமே இருக்காது. அவரது குழுவினர் நின்றுகொண்டே வாசித்தார்கள், சில படைப்புகளை மனப்பாடமாகவே. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை ஒரே நிகழ்ச்சியில் இரண்டு முறை முழுமையாக வாசிக்க வைத்தார். மக்கள் மறுபடி கேட்டால்தான் அது மனதில் தங்கும் என்று நம்பினார்.

இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காவது சிம்பொனி 1885-ல் முதன்முதலாக ஒலித்தது இந்தச் சிற்றூரில்தான். கோல் பிடித்தது பிராம்ஸ். குழுவைப் பழக்கி வைத்தது பியூலோ. அப்போது பியூலோவுக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான 21 வயது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ்! 1887 முதல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவையும் பியூலோ சில ஆண்டுகள் நடத்தினார்.

1894-ல் கெய்ரோவில் அவர் காலமானார். ஹாம்பர்க்கில் நடந்த இறுதிச் சடங்கில் பாடப்பட்ட உயிர்த்தெழுதல் பாடலைக் கேட்டபோதுதான், முடிக்க முடியாமல் வைத்திருந்த தன் இரண்டாவது சிம்பொனிக்கு இசையமைப்பாளர் மாலருக்கு வழி கிடைத்தது.

கோசிமா பத்தி இருக்கட்டும். மைனிங்கன் ஆண்டுகளுக்குத் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி