பிளைபரோ சர்ச்சுக்குள் ஒருமுறை போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

இப்ஸ்விச்சிலிருந்து ஏ12 சாலையில் லோவ்ஸ்டாஃப்ட் போகும்போதெல்லாம் பிளைபரோ சர்ச்சைத் தாண்டித்தான் போகிறேன், உள்ளே போனதில்லை என்று போனில் சொன்னாயே, எனக்கு மனசே ஆறவில்லை. போன முறை வந்தபோது நானும் அம்மாவும் பார்த்துவிட்டோம். நீயும் ஒரு மணி நேரம் ஒதுக்கு.

முதலில் வெளிச்சுவரைப் பார். இந்த சர்ச் இருக்கும் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது, கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதில் ஒழுங்காக ஒரு மூலைகூட எடுக்க முடியாது. அதனால் அதை உடைத்துக் கறுப்பு முகம் வெளியே தெரியப் பதித்து, வெளியூரிலிருந்து கொண்டுவந்த வெளிர் கல்லை நடுநடுவே விட்டு அலங்காரம் செய்திருக்கிறார்கள். கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிப்பது சைட்டில் நின்றவனுக்குத்தான் புரியும்.

கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, மற்றது பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார். தூண் வரிசைக்கு மேலே ஒரு பக்கத்துக்கு 18 ஜன்னல். அவற்றுக்கு நடுவே இருக்கும் குறுகிய சுவர்ப்பட்டைகள்தான் கூரைப் பாரத்தை வாங்கி, வளைவு வழியாகத் தூணுக்கு இறக்குகின்றன. பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கே வளைவும் இல்லை, வெளிச்சம் தடையில்லாமல் ஓடுகிறது. கூரை ஏறக்குறைய தட்டை. உத்தரங்களின் நடுவில் மரத் தேவதைகள் முதுகோடு முதுகு ஒட்டி, சிறகை விரித்திருக்கிறார்கள். 1644இல், சர்ச்சுகளில் இருந்த உருவங்களை அகற்ற நியமிக்கப்பட்ட டவ்சிங் என்பவர் வந்து அவற்றை இறக்கச் சொன்னார், நல்லவேளை யாரும் முழுதாகச் செய்யவில்லை. மரத்தில் இருக்கும் குண்டுத் தடங்களுக்கும் அவர் ஆட்களைத்தான் திட்டுவார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் காக்கை இனப் பறவைகளைச் சுடக் காசு கொடுத்ததாக சர்ச் கணக்கிலேயே இருக்கிறது.

1577 ஆகஸ்ட் 4 அன்று இடி மழையில் கோபுரக் கூம்பு கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது. கதவில் இருக்கும் கருகல், கறுப்பு நாய் உருவில் வந்த பிசாசின் நகக்கீறல் என்று ஊரில் கதை. எனக்கு ஏதோ சுடர் பட்ட தடமாகத்தான் தெரிந்தது.

1881இல் ஆபத்து என்று சர்ச் மூடப்பட்டது. எப்படிச் சரிசெய்வது என்று பெரிய தகராறு. பழுதை மட்டும் பார், புதுசாக்காதே என்றது பழைய கட்டடங்களைக் காக்க வில்லியம் மாரிஸ் தொடங்கிய சங்கம். என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

அப்புறம், பெஞ்சுகளின் ஓரத்தில் பாவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டிலை விட்டு எழாத சோம்பேறி ஒருவன் உண்டு. அவனைப் பார்த்ததும் உன் அம்மா யார் பெயரைச் சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா