மூக்கைக் கழுவும் நீரைப் பற்றி நண்பனுக்கு

திருவையாறு,
தை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. சம்பா அறுவடைக்கு இயந்திரம் வயலில் இறங்கிய நாளிலிருந்து தும்மலும் மூக்கடைப்பும் உன்னை விட்டபாடில்லை என்றும், நெற்றியும் கன்னமும் பாரமாகக் கனக்கின்றன என்றும் எழுதியிருந்தாய். மருந்துக்கடையில் விற்கும் மூக்குக் கழுவும் பாட்டிலை வாங்கலாமா, அதனால் உண்மையில் பயன் உண்டா என்றும் கேட்டிருந்தாய். விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஆனால் பாட்டில் வாங்கும் வரை பம்புசெட்டுத் தண்ணீரைக் கெண்டியில் பிடித்து மூக்கில் ஊற்றிப் பார்ப்பதாகக் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: காய்ச்சாத தண்ணீரை இனி ஒரு நாளும் மூக்கில் ஊற்றாதே.

காவிரித் தண்ணீரில் வளர்ந்த உடம்புக்கு என்ன வந்துவிடும் என்று நீ கேட்பாய். குடிப்பது வேறு, மூக்கில் ஏற்றுவது வேறு. வெதுவெதுப்பான நன்னீரிலும் மண்ணிலும் நைக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா இருக்கக்கூடும். வயிற்றுக்குள் போனால் அதனால் தீங்கில்லை. மூக்கின் உச்சியை எட்டினாலோ, வாசனை நரம்பின் வழியாக மூளைக்கு ஏறிவிடும். அதிலிருந்து பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் இந்த நோயால் இறந்தார்கள். கேரளத்தில் 2024-இல் நீர்நிலைகளில் குளித்த பிள்ளைகள் இறந்த செய்தியை நீயும் படித்திருப்பாய். இது அரிதினும் அரிதான நோய் என்பது உண்மைதான். ஆயினும் அடுப்பில் சிறிது நேரம் வைத்தாலே தவிர்த்துவிடக்கூடிய ஆபத்தை எதற்காக விலைக்கு வாங்க வேண்டும்? தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். நான் ஐந்து நிமிடம் விடுகிறேன். பிறகு மூடி வைத்து, உடம்புச் சூட்டுக்கு ஆறியபின் பயன்படுத்தி, அன்றைக்கு மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறேன். கேன் தண்ணீரானாலும் காய்ச்சத்தான் வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பயன் உண்டு, ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. மூக்கின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நெற்சுணையும் தவிட்டுத் தூசியும் நாள் முழுவதும் ஏறும்போது உட்சுவர் வீங்குகிறது, சளி கெட்டியாகிறது, முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறைகளின் சிறிய வாய்கள் அடைபடுகின்றன. உப்புநீர் அந்தத் தூசியையும் கெட்டிச் சளியையும் கழுவிக்கொண்டு போய், நுண்மயிர்கள் மறுபடி தம் வேலையைச் செய்ய வழிவிடுகிறது. சைனஸையே கழுவுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து வாய் அகலப்படுத்தப்படாத சைனஸுக்குள் தண்ணீர் மிகக் குறைவாகவே போகும். கழுவப்படுவது மூக்கின் பாதையும் அந்த வாயிற்புறமும்தான்.

நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதிய கடைசி ஆண்டில் பட்ட பாட்டை நீ அறிவாய். மருந்துக்கடை ஒன்றில் கொடுத்த சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை எட்டு மாதம் விடாமல் ஊற்றினேன். நாலைந்து நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே மூக்கை மறுபடி அடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை விட்டொழித்த மாதத்தில்தான் உப்புநீரைத் தொடங்கினேன். கொல்லையில் துவைகல்லின் மேல் வெள்ளை எனாமல் தட்டை வைத்து, குனிந்து வலப்பக்கம் ஊற்றினேன். நீர் வெளிவர வேண்டிய இடப்பக்கத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு நூலாகக் கசிந்தது. பிறகு திடீரென்று கெட்டிச் சளியொன்று விழுந்தது. அந்த வெள்ளைத் தட்டில், சளியின் நடுவே, உமித்துகள்கள் மிளகுப்பொடி தூவியது போலக் கிடந்தன. நான் ஆலைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது! அன்று முன்னிரவு மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்தேன். அதற்கு முன் எப்போது அப்படிப் படுத்தேன் என்பது நினைவில்லை.

என் ஒருவனுடைய அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 76 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், 2 சதவீத உப்புநீரை ஒவ்வொரு பக்கமும் 150 மில்லி வீதம் தினமும் ஆறு மாதம் ஊற்றியவர்களுக்குத் தொல்லை கணிசமாகக் குறைந்தது. 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நிறைய நீரால் கழுவியவர்கள் உப்புநீரைப் பீச்சியடித்தவர்களைவிட நலம் பெற்றார்கள். இங்கிலாந்தில் 871 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியானது நமக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் அதில் ஆவி பிடித்தலையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூக்கைக் கழுவியவர்களுக்கு மிதமான நன்மை கிடைத்தது. ஆவி தலைவலியைக் குறைத்ததேயன்றி வேறெதற்கும் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. நொச்சி இலை போட்டு உன் மனைவி வைத்துக்கொடுக்கும் ஆவியை நிறுத்தச் சொல்லவில்லை; தலைபாரத்துக்கு அது இதமாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் தூசியை வெளியே கொண்டுவரத் தண்ணீரால்தான் முடியும். ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கும் உப்புநீர் ஓரளவு உதவும் என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சான்று அவ்வளவு வலுவானதல்ல என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

எந்தக் கருவி என்றால், 240 மில்லி கொள்ளும் அமுக்குப் பாட்டில் உனக்குப் போதும். கெண்டியில் தலையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். உன் கழுத்து வலிக்கு அது ஒத்துவராது. பாட்டிலென்றால் குனிந்தாலே போதும், மெல்ல அமுக்கினால் நீர் தானே சுற்றி வரும். மின்கலத்தில் ஓடும் விலையுயர்ந்த கருவிகளுக்குச் செலவழிக்க அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; ஓடும் நீரின் அளவே முக்கியம். பாட்டிலைத் தினமும் சோப்பால் கழுவிக் காய்ச்சிய நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்து. மூன்று மாதத்துக்கொருமுறை புதியது வாங்கு.

உப்பு விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். வெறும் நீரை ஊற்றினால் எரியும். உப்பு கூடினாலும் எரியும். லிட்டருக்கு 9 கிராம் என்பதுதான் உடம்போடு ஒத்துப்போகும் அளவு. வேதாரண்யத்துக் கல்லுப்பைக் கரண்டியால் அளந்தபோது ஒரு நாள் சரியாகவும் மறுநாள் சப்பென்றும் இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் காரணம். கரைத்து வைத்தால் பாத்திரத்தின் அடியில் மணலும் தங்கியது. இப்போது அயோடின் சேராத சுத்தமான தூள் உப்பை 90 கிராம் நிறுத்து, பத்துப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்கிறேன். பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், அதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா.

ஊற்றும்போது வாயைத் திறந்து வாயால் மூச்சுவிடு, அப்போது விழுங்காதே. முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தாதே. காதுக்குள் நீர் ஏறி வலிக்கும். களத்திலிருந்து திரும்பியவுடன் கழுவிவிடு; படுக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடாதே, எஞ்சிய நீர் தொண்டையில் இறங்கி இருமல் வரும். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்திருந்தால், கழுவிச் சிறிது நேரம் கழித்து அதை அடித்துக்கொள்.

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தாலோ உள்ளே சதை வளர்ந்திருந்தாலோ இந்த நீர் அதைச் சரிசெய்யாது. ஒரு பக்கத்தில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் பல்லின் கோளாறும் காரணமாக இருக்கலாம், மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லையும் மருத்துவரிடம் காட்டு. உனக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, முகத்தில் மரமரப்பு, மூக்கில் கருத்த பொருக்கு இவற்றில் எது தென்பட்டாலும் கழுவிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடு. 2021-இல் கருப்புப் பூஞ்சை என்னென்ன செய்தது என்பதை நாம் பார்த்தோமே.

ஆராதனைக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதற்குள் பாட்டிலை வாங்காதே. என்னிடம் பிரிக்காத புதியது ஒன்று இருக்கிறது, பொட்டலங்களும் கட்டி வைக்கிறேன். நம் வீட்டுக் கொல்லையிலேயே முதல் தடவை ஊற்றிப் பழகிக்கொள்ளலாம். அதுவரை அந்தக் கெண்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்.