மொட்டு விரிய முன் ஒரு பதில் தாருங்கள்

பாதுகாக்கப்பட்ட வனங்களில் தாவர மாதிரி எடுக்க அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நெலு மொட்டுகளில் நிறமூர்த்தங்களை, அதாவது கலத்துக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிய கோல்களை, ஆராய நாங்கள் கேட்ட அனுமதி பூக்காலம் முடிந்த பிறகே வந்தது. எங்கள் விண்ணப்பத்துக்கு நேர்ந்தது முழுவதும் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

அனுமதிக் கடிதம் கிடைத்த அன்றிரவே நானும் என் மாணவியும் ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். விடிய விடியப் பனி. விரல் விறைக்கத் தேடியும் நாங்கள் கேட்டிருந்த, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நெலுப் புதர்களில் ஒரு மொட்டு மிச்சமில்லை. பூ கொட்டிக் காய் பிடித்திருந்தது. கொண்டுபோன போத்தல்களைத் திறக்காமலே திரும்பினோம். 2013இல் பூத்த நெலு 2025இல் பூத்தது. இனி 2037. அந்தப் பிள்ளையின் ஆய்வுக்காலம் மூன்றே வருடம்.

"நிறமூர்த்தங்களை வேர்நுனியில் எண்ணலாமே" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். எண்ணலாம் ஐயா, எண்ணிக்கை வரும்; அது மட்டும் போதாது. வயல் நெல்லில் 24 நிறமூர்த்தங்கள். இலங்கையில் மட்டும் வளரும் ஒறைசா றைசோமாற்றிஸ் என்ற காட்டு நெல்லிலும் 24. ஆனால் இரண்டையும் கலந்து பெறும் செடியில் அந்த நிறமூர்த்தங்கள் ஒழுங்காகச் சோடி சேர்வதில்லை. அந்தச் சோடி சேர்தல் தெரிவது இளம் மொட்டில், மகரந்தம் உருவாவதற்கான ஒடுக்கற்பிரிவு என்ற கலப்பிரிவு நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். மொட்டைக் கிள்ளிய கையோடு அற்ககோலும் அசற்றிக்கமிலமும் கலந்த போத்தலில் போட வேண்டும். பிறகு மகரந்தப்பையைப் பிரித்து, அசற்றோகாமைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு துளி விட்டு, மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடி மூடித்துண்டைப் பெருவிரலால் அழுத்தினால் நுணுக்குக்காட்டியில் செந்நிறக் கோல்களாகத் தெரியும். பூ விரிந்தபின் அங்கே மகரந்தமணி மட்டுமே இருக்கும்.

நாங்கள் கேட்டது இருபது மொட்டு. அன்று பாதையோரமெங்கும் யாரோ ஒடித்துப் படமெடுத்துவிட்டு எறிந்த நெலுக் கொத்துகள் வாடிக் கிடந்தன. அவற்றைக் கண்டபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இந்தத் தீவுக்கே உரிய பூக்கும் தாவரங்கள் எண்ணூறுக்கு மேல். அவற்றின் நிறமூர்த்தங்களை நாங்கள் எண்ணாவிட்டால் வேறு யார் வந்து எண்ணுவார்கள்? காட்டைக் காப்பது உங்கள் கடமை, அதை மதிக்கிறோம். காட்டில் என்ன இருக்கிறது என்று அறிவதும் அந்தக் காப்பில் சேர்ந்ததுதானே?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: மொட்டு விரிய முன் பதில் தாருங்கள். மறுப்பதானாலும் சரி, காரணத்தோடு உரிய காலத்தில் மறுத்துவிடுங்கள். வேறு செடியைத் தேடிக்கொள்வோம்.

சிங்கராஜக் காட்டு மரங்களுக்கான எங்கள் அடுத்த விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கிறது. மொட்டு வைக்கும் மாதத்தை முதற்பக்கத்திலேயே எழுதி அடிக்கோடிட்டிருக்கிறோம். தயவுசெய்து அந்த மாதம் பிறக்க முன் அதைப் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்